புரட்டாசியில் பிடித்த கொடுவா

“பெருமாளுக்குன்னு புடிச்சி வெச்ச தண்ணிடா அது. அதுல மீனு முழிச்சிகினு கீது. நீ இன்னாடான்னா கழுவப் போட்டேங்கிற.”

“அது மீனே இல்லம்மா. ரப்பரு. எத்தன தடவ சொல்லுதேன்.”

“ரப்பரு இப்டி நாறுமா? மோந்து பாரு. நீயே மோந்து சொல்லு.”

உச்சிமாகாளி மோந்து பார்க்கவில்லை. பார்த்தால் தோற்றுவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். மாத்தூரில் அலமு வீட்டு வாசலில், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அந்தப் பச்சை ரப்பர் மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அலமு நின்றாள். பிடித்திருந்தது இரண்டே விரல்கள். மீதி உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்திருந்தது. எதிர்வீட்டில் காய்ந்த துணியையே திரும்ப உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கை ஒரே புள்ளியில் நின்றுவிட்டது. மாவிளக்குக்கு மாவு இடிக்கிற நேரத்தில் இப்படி ஒரு காட்சி கிடைத்தால் யார்தான் உள்ளே போவார்கள்.

உச்சிமாகாளி வள்ளியூர்ப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார்களுக்கு உள்ளே பொருத்துகிற பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் கம்பெனியில், டெஸ்டிங் லேபில் வேலை. நான்கு வருஷமாக அலமு வீட்டு மொட்டைமாடி ஷீட் ரூமில், இன்னும் மூன்று பையன்களோடு குடி. அப்படி ஒரு சுத்தக்காரனை இந்தத் தெரு பார்த்ததில்லை. கேன்டீன் தட்டை டிஷ்யூ பேப்பரால் இரண்டு தடவை துடைத்த பிறகுதான் அதில் சோறு வாங்குவான். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை போட்டுத்தான் பிடிப்பான். இப்படிப்பட்டவனுக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம் என்றால் சிரிப்பு வருமா வராதா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். புழு, இறால், செத்த மத்தி எதையும் கையால் தொடவேண்டாம். ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பொய் மீனைக் கொக்கியோடு வீசி, அது நீந்துகிற மாதிரி தூண்டில் ராடை வெடுக் வெடுக்கென்று ஆட்டி இழுத்தால் போதும், பெரிய மீன் ஏமாந்து கவ்வும் என்று மொபைல் வீடியோவில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷத்தில் ஏமாந்த மீன்கள் சொற்பம். வாங்கி வைத்த பொய் மீன்கள் அறுபதுக்கு மேல்.

ரப்பர் ஏன் நாறியது என்றால், கடையிலிருந்து வரும்போதே அதைக் கணவாய் எண்ணெயில் ஊறவைத்துத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். மீன் மோப்பம் பிடித்து வருவதற்காக. மொட்டைமாடி ஷீட்டின் கீழே, செப்டம்பர் வெயிலில், அறுபது பாக்கெட்டும் வேர்த்துக்கொண்டிருந்தன. அந்த வாசனை படி இறங்கி வந்து, புரட்டாசி முழுக்க முட்டைகூட உடைக்காத அலமுவின் சமையலறை ஜன்னலில் நின்றது. ஒரு வாரமாகவே அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சந்தேகத்தோடுதான் இருந்தாள். இப்போது சாட்சியே கையில் கிடைத்துவிட்டது.

ஒரு ரப்பர் மீனுக்காகவா இத்தனை கெஞ்சல் என்று கேட்கலாம். உச்சிமாகாளி கெஞ்சியது கீழ்வீட்டு போர்ஷனுக்காக. வள்ளியூரில் செல்வலட்சுமி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா மகாராஜா, அரிசி மில் வைத்திருப்பவர், ஒரே நிபந்தனைதான் போட்டார்: என் மகள் நாலு தடிப்பையன்கள் கழுவுகிற பாத்ரூமில் குளிக்கமாட்டாள், தனி வீடு பார்த்து வை, வியாழக்கிழமை நானே வந்து பார்க்கிறேன், பார்த்த பிறகு தையில் முகூர்த்தம். மாத்தூரில் கல்யாணமாகாத பையனை நம்பி குடும்பப் போர்ஷன் தருகிறவர்கள் யாருமில்லை. அலமு ஒருத்திதான், தன் மகன் ஜெகதீஷோடு ஒரே லேபில் வேலை செய்கிறவன், கை சுத்தம், வாய் சுத்தம் என்று வாய்வார்த்தையாகக் கொடுத்து வைத்திருந்தாள். அந்த வார்த்தைதான் இப்போது ரப்பர் மீனோடு சேர்ந்து இரண்டு விரலில் தொங்கியது.

ஜெகதீஷ்தான் சமாதானத்துக்கு வந்தான். உச்சிமாகாளிக்கு அவன் சூப்பர்வைசர். ஐந்து வயது மூத்தவன். அம்மா கத்தினாலும் எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாதவன். கடைசியில் தட்டில் கற்பூரம் ஏற்றி, உச்சிமாகாளியை அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்யவைத்தார்கள். புரட்டாசி முடிகிறவரைக்கும் மீன் என்று பெயருள்ள எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. அறுபது பாக்கெட்டும் மூன்று கவரில் சுற்றப்பட்டு, இறுக்கி மூடிய டப்பாவுக்குள் போயின. சத்தியம் செய்த உள்ளங்கையைச் சானிடைசர் போட்டுத் துடைத்துக்கொண்டே அவன் மாடி ஏறியதை எதிர்வீட்டில் பார்த்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. சத்தியம் செய்தவன் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம். அவனோ பொழுது விடியும் முன்னே ராடை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினான். அன்றைக்கு விடியலில்தான் கடல் ஏற்றம், இனி விடியல் ஏற்றம் வீக் ஆஃபில் வர ஒரு மாதம் ஆகும் என்று அவன் மனக்கணக்கு. பிடிப்பேன், போட்டோ எடுப்பேன், உயிரோடு விட்டுவிடுவேன், சத்தியத்துக்கு என்ன பங்கம்? படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது.

மொபைல் வீடியோக்களில் கடல் நீலமாக இருக்கும். இங்கே உப்பங்கழி கடலோடு சேருகிற இடத்தில் தண்ணீர், காலையில் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸின் அடி மாதிரி இருந்தது. மேலே நுரை, மஞ்சள் நுரை. உச்சிமாகாளி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் இரண்டு கைக்கும் உறையும் மாட்டிக்கொண்டு, மூக்கின் கீழே தைலம் தடவிக்கொண்டு இறங்கினான்.

முதல் வீச்சுக்கு ஒரு பால் கவர் வந்தது. இரண்டாவதுக்கு ஒற்றைச் செருப்பு. மூன்றாவது கனமாக இழுத்தது. வேகவேகமாகச் சுற்றினான். குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர், தண்ணீர் குடித்துப் பானை மாதிரி உப்பிப்போய், ரப்பர் மீனைக் கட்டிக்கொண்டு வந்து அவன் பூட்ஸில் மோதி அவிழ்ந்தது. உள்ளே இருந்ததை அவன் பார்த்துவிட்டான். ஓரமாகப் போய்க் குனிந்து நின்றான். காலையில் ஒன்றும் சாப்பிடாததால் ஒன்றும் வரவில்லை. அந்த ரப்பர் மீனைக் கத்தரியால் வெட்டி மணலில் புதைத்துவிட்டு வேறு மாட்டினான்.

அடுத்தது பேத்தை மீன். கடியே தெரியாமல் நான்கு ரப்பர் மீன்களுக்கு வால் இல்லாமல் போயிருந்தது, பிளேடு போட்டு அறுத்த மாதிரி. ஐந்தாவதில் ஒன்று மாட்டிக் கரைக்கு வந்தது. வந்ததும் காற்றை இழுத்துப் பந்து போல வீங்கி, எலிப்பல்லைக் காட்டி, கர்க் கர்க்கென்று அவனைப் பார்த்துக் கத்தியது. விஷ மீன், தொடக்கூடாது. இடுக்கியால் கொக்கியைத் திருகி எடுப்பதற்குள் அது அவன் சட்டையில் ஏதோ ஒரு வழவழப்பை உமிழ்ந்தது. அதை உதைத்துத் தண்ணீரில் தள்ளினான். பந்து மாதிரியே மிதந்து போயிற்று. கொஞ்சம் தள்ளி, சதுர்த்திக்குக் கரைத்த சுண்ணாம்புப் பிள்ளையார் ஒருவர் இடுப்புக்கு மேல் கரையாமல், பாதி பெயின்ட் உரிந்து, சாக்கடை நுரைக்குள் உட்கார்ந்திருந்தார். இவன் கண்ணை எடுத்துக்கொண்டான். அவரைப் பார்க்கவும் கூசியது, அவர் தன்னைப் பார்ப்பதும் கூசியது.

எட்டு மணி சுமாருக்கு ஏற்றம் நின்று தண்ணீர் வெளியே இழுக்கத் தொடங்கியது. இனி ஐந்து வீச்சு, அதோடு மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவு செய்தான். கையோடு எடுத்துவந்த சின்ன டப்பாவில் மிச்சம் இருந்த பச்சை ரப்பர் மீனை மாட்டினான். சனிக்கிழமை அலமுவின் விரலில் தொங்கியதே, அதேதான்.

நாலாவது வீச்சில் ஒரு டொக். யாரோ கதவைத் தட்டின மாதிரி. ராடு வளைந்தது, ரீல் கிறீச்சென்று நூலை விட்டது, இருபது அடி தள்ளித் தண்ணீர் பிளந்து ஒரு வெள்ளிப் பலகை எழும்பித் தலையை உதறிவிட்டு விழுந்தது. கொடுவா. ஐந்து கிலோவுக்குக் குறையாது. அந்தப் பத்து நிமிஷம் மட்டும் உச்சிமாகாளிக்கு நாற்றமும் தெரியவில்லை, நுரையும் தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் செல்வலட்சுமி பார்த்திருந்தால் முகூர்த்தத்தை முன்னாலேயே வைத்திருப்பாள். ஆனால் அங்கே யார் இருந்தார்கள், அந்தப் பிள்ளையாரைத் தவிர.

கரைக்குக் கொண்டுவந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. மீன் ரப்பரை உதட்டில் வாங்கவில்லை. தொண்டைக்குள் முழுங்கியிருந்தது. கொக்கி செவுளைக் கிழித்து, ரத்தம் பொத்துக்கொண்டு வந்தது. வீடியோவில் சொல்லியிருந்தபடி விரலை உள்ளே விட்டுக் கொக்கியைக் கழற்றவேண்டும். வாயைத் திறந்து பார்த்தான். உள்ளே சிவப்பாக, சளியாக, ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. விரல் போகவில்லை. மூன்று தடவை கிட்டே கொண்டுபோய் மூன்று தடவையும் எடுத்துவிட்டான். நூலை மட்டும் வெட்டிவிட்டு, வாலைப் பிடித்துத் தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டினான், உயிர் வரட்டும் என்று. கையுறை வழுக்கிக் கழன்று போயிற்று. வெறும் கையோடு ஆட்டினான். கால் மணி நேரம் ஆட்டியும் கொடுவா வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. தொட்ட விரலிலெல்லாம் கோழை. அவன் செத்த மீனைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். எது அதிக அருவருப்பு என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த இடத்திலேயே தண்ணீரோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு கொடுவா. அதை டயப்பருக்குப் பக்கத்தில் மிதக்கவிடுவதா? கரையோரம் கூடை வைத்திருந்த மீன்காரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தான். அவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாய்க்குள் பச்சையாகத் தெரிந்த ரப்பரையும் பார்த்தாள்.

“பொரட்டாசில எவன் வாங்குறான்? எங்காளுங்க கொண்டாந்ததே ஐஸ்ல கெடக்குது. இந்தப் பொம்மைய முழுங்குனத வேற நான் விக்கணுமா? போட்டுட்டுப் போ, நாய்க்காவது ஆவும்.”

நாய்க்கா? அவன் கொடுவாவையா? பக்கத்தில் ஐஸ் வாங்கி, மழைக்கோட்டில் மீனைச் சுற்றி, பையில் திணித்துப் பைக்கில் கட்டினான்.

மறைமலை நகரில் ஊர்க்கார நண்பன் வனமாமலை இருந்தான். அவனுக்குப் புரட்டாசியும் கிடையாது ஐப்பசியும் கிடையாது. அவன் பெண்டாட்டி குழம்பு வைத்தால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குளித்துவிட்டு, கை கழுவிவிட்டு வரலாம். வாசலையும் தாண்டாது, வீணாகவும் போகாது. மறைமலை நகரில் வனமாமலை வீடு பூட்டிக் கிடந்தது. போனில் கேட்டால், ஓ.டி. என்று பதில்; பெண்டாட்டி குன்றத்தூரில் தங்கச்சி வீட்டில். நாளைக்கு மத்தியானம் வா என்றான்.

மணி பன்னிரண்டு. ஐஸ் உருகிப் பைக்கின் சைலன்சரில் சொட்டி, சூடான இரும்பில் மீன் தண்ணீர் சுருசுருவென்று கருகுகிற வாசனை சிங்கப்பெருமாள் கோயில் சிக்னலில் நின்ற எல்லோர் மூக்கையும் பொத்தவைத்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் இவனைப் பார்த்த பார்வையில், அன்றைக்குப் பார்த்த பேத்தையே பரவாயில்லை.

இங்கேதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வேறு யாருக்கும் வராது. அந்த லேபில் வேலை செய்கிறவனுக்கு மட்டும்தான் வரும்.

லேபில் சேம்பர் என்று ஒன்று உண்டு. பீரோ உயரப் பெட்டி. காரின் பிளாஸ்டிக் பாகம் பனிக்கும் வெயிலுக்கும் தாங்குமா என்று பார்க்க, அதை உள்ளே வைத்து மைனஸ் முப்பது வரை உறையவைப்பார்கள். பிறகு எண்பத்தைந்து டிகிரிச் சூட்டில் நீராவி விட்டு வேகவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது சும்மா கிடக்கும். கேட்டில் செக்யூரிட்டி வெளியே போகிற பையைத்தான் நோண்டுவான். உள்ளே வருகிற பையை யார் பார்க்கிறார்கள்? உச்சிமாகாளி ரிப்போர்ட் எடுக்க வந்ததாகச் சொல்லி நுழைந்தான். சேம்பர் தட்டில் நாலு மடிப்பாகப் பேப்பர் விரித்து, கொடுவாவைப் படுக்கவைத்து, மைனஸ் இருபது வைத்தான். வேறு யாரும் திறந்துவிடக் கூடாதே என்று, முடிந்துபோன ஒரு டேஷ்போர்டு டெஸ்டின் அட்டையை எடுத்துக் கதவில் மாட்டினான். ‘டெஸ்ட் நடப்பில். கதவைத் திறக்கக் கூடாது.’ வரும்போது வாஷ்பேசினில் பன்னிரண்டு தடவை கை கழுவினான். வீட்டுக்கு வெறுங்கையோடு போய், வாசல் குழாயிலேயே குளித்து, ஈரத்துணியோடு மாடி ஏறினான். அலமு ஜன்னலில் நின்று மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான். திருப்தியோடு தலையசைத்தாளாம்.

உள்ளே கொண்டுபோன மீனை வெளியே எப்படிக் கொண்டுவருவது என்று அவன் யோசிக்கவே இல்லை. யோசிக்கவேண்டிய தேவையும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஜெகதீஷ் வந்தான். சேம்பர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பனி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அட்டை தொங்கியது. டெஸ்ட் நடுவில் கதவைத் திறந்தால் சூடு மாறிவிடும், மொத்தமும் வீண். அது லேபில் வேதவாக்கு. அட்டையில் இருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தேடினான். பதினாறு மணி நேரம் குளிர், அடுத்து எண்பத்தைந்து டிகிரி, நீராவியோடு. சேம்பர் ஓடத் தொடங்கிய நேரத்தைக் கணக்குப் பார்த்தான், பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாத ஜெகதீஷ், அடுத்த பட்டனை அழுத்தினான்.

எட்டு மணிக்கு லேபில் ஒரு மாதிரியான வாடை. பிளாஸ்டிக்தான் வாயு விடுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஒன்பதரைக்கு இரண்டு பேர் வெளியே போய் நின்றார்கள். பத்து மணிக்கு, அன்றைக்கென்று பார்வையிட வந்திருந்த கார் கம்பெனிக்காரர்கள் இருவர் கழுத்து டையால் மூக்கை மூடிக்கொண்டு, உங்கள் டேஷ்போர்டு வெயிலில் இப்படித்தான் நாறுமா என்று கேட்டார்கள். ஏ.சி. குழாய் வழியாக அந்த நாற்றம் கேன்டீன் வரை போய், தக்காளி சாதத்தை யாரும் தொடவில்லை. மானேஜர் சொன்ன பிறகுதான் ஜெகதீஷ் கதவைத் திறந்தான்.

ஒரு பாய்லர் அளவு நீராவி அவன் முகத்தில் அடித்தது. உள்ளே கொடுவா வெந்து, சதை கழன்று, தட்டுக் கம்பிகளின் வழியே வழிந்துகொண்டிருந்தது. கண் இரண்டும் வெள்ளை முட்டை மாதிரி பிதுங்கியிருந்தன. திறந்த வாயிலிருந்து, சூட்டில் இளகிய பச்சை ரப்பர் மீன் எச்சில் மாதிரி நூல்நூலாகத் தொங்கியது. எண்ணெய்ப் பசையான சாறு ஜெகதீஷின் சட்டையில், பேன்ட்டில், ஷூவுக்குள். அந்த ரப்பர் மீன் யாருடையது என்று லேபில் ஒருவரும் கேட்கவில்லை. அதன் அண்ணன் தம்பி ஒன்று உச்சிமாகாளியின் பைக் சாவியில் தொங்குவது எல்லோருக்கும் தெரியும்.

தன் ஷிப்டுக்கு முன்பே, பன்னிரண்டு மணிக்கு, வனமாமலை வீட்டுக்கு மீன் எடுத்துப்போக வந்த உச்சிமாகாளியை கேட்டிலேயே நிறுத்தினார்கள். ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் மாத்தூரில் நடந்தது. மூன்று மணிக்கு ஜெகதீஷ் வீட்டுக்கு வந்தான். தெருமுனையிலேயே நாய்கள் அவன் பின்னால் சேர்ந்துகொண்டன. அலமு பூஜையறையிலிருந்து எழுந்து வந்து, ஒரு தடவை மோந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகனை வாசலிலேயே நிறுத்தினாள். மூன்று பக்கெட் தண்ணீர், அரைக் கட்டி சோப்பு, வேப்பிலை. சட்டையைக் குச்சியால் தூக்கிக் காலி மனையில் போட்டுக் கொளுத்தினாள். அந்தப் புகைதான் தெருவுக்கே போய்ச் சேர்ந்தது.

உச்சிமாகாளி மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகச் சொன்னான். “நான் சத்தியத்த மீறலயேம்மா. மீனு வாசலத் தாண்டல.”

அலமு அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. “என் புள்ள மேல ஏறி வந்துச்சி” என்றாள்.

வியாழக்கிழமை மகாராஜா வள்ளியூரிலிருந்து வந்தார். போர்ஷனைப் பார்த்தார், பிடித்திருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். அலமு காபி கொடுத்து உட்காரவைத்து, ரப்பர் மீனில் தொடங்கி வேப்பிலை வரை ஒரு வரி விடாமல் சொன்னாள். எதிர்வீட்டிலிருந்து இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னார்கள். மகாராஜாவும் மீன் சாப்பிடுகிறவர்தான், புரட்டாசி அவருக்குப் பெரிதில்லை. ஆனால் கம்பெனி மெஷினில் மீனை அவித்து வேலையைத் தொலைத்தவன் என்று மில்லில் எப்படிச் சொல்வது? காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

செல்வலட்சுமிக்குத் தையில், இவனுக்காகப் பார்த்து வைத்திருந்த அதே தேதியில், அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நாங்குநேரியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். ஜெகதீஷ் சித்திரையில் சண்முகப்ரியாவைக் கட்டினான். கீழ்வீட்டு போர்ஷனில் அவர்கள்தான் குடித்தனம். ஏ.சி. போட்டால் மட்டும் அவனுக்கு இன்னும் குமட்டுகிறதாம், மின்விசிறிதான். உச்சிமாகாளி மறைமலை நகருக்குப் போய்விட்டான், வனமாமலை வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம், வேறு கம்பெனி. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. மீன் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறானாம். வருஷம் முழுக்க சைவம், முட்டைகூடத் தொடுவதில்லை. இதைக் கேள்விப்பட்ட அலமு கீழ்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு ஆளுக்குத்தான் அந்த போர்ஷனை விடலாம் என்று அவள் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாள்.